குடிவரவுத் தடுப்பு மையங்களில் மருத்துவ இணக்க மேற்பார்வை (ஐக்கிய அமெரிக்கா)

குடிவரவுத் தடுப்பு மையங்களில் மருத்துவ இணக்க மேற்பார்வை என்பது, ஐக்கிய அமெரிக்காவில் குடிவரவுச் சட்டத்தின் கீழ் தடுத்து வைக்கப்பட்டோருக்கு அளிக்கப்படும் மருத்துவம், விதிக்கப்பட்ட தரநிலைகளுக்கு ஏற்ப நடைபெறுகிறதா எனச் சோதிக்கும் பணியாளர்களை வழிநடத்தும் நிர்வாகப் பணி ஆகும். குடிவரவு மற்றும் சுங்க அமலாக்க முகமையின் (ஐ.சி.இ.) ஒரு பிரிவான ஐ.சி.இ. சுகாதார சேவைப் படை (ஐ.எச்.எஸ்.சி.) இப்பணியின் மைய அமைப்பாகும். சோதிப்பவர் பெரும்பாலும் செவிலியராகவோ சுகாதார நிர்வாகியாகவோ இருப்பார். அவர் நோயாளிக்கு மருந்து தருவதில்லை. மருந்து தரப்பட்டதா, உரிய நேரத்தில் தரப்பட்டதா, தந்தவருக்கு அதற்கான உரிமம் உண்டா என்று பார்ப்பார். அவர் சரியாகப் பார்த்தாரா என்று பார்ப்பது மேற்பார்வையாளரின் வேலை.

சொற்கள்

இக்கட்டுரையில் இணக்கம் என்ற சொல், சட்டம், ஒப்பந்தம், மருத்துவ நெறி ஆகியவற்றுக்குப் பொருந்த நடத்தல் என்ற பொருளில் ஆளப்படுகிறது. கைதி என்ற சொல் தவிர்க்கப்பட்டுள்ளது. குடிவரவுத் தடுப்பு, சட்டத்தின் பார்வையில் தண்டனை அன்று. அது குடிமையியல் சார்ந்த தடுத்துவைப்பு. தடுத்து வைக்கப்பட்டவர் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை. ஆயினும் அவர் வைக்கப்படும் கட்டடம் பல இடங்களில் மாவட்டச் சிறையாகவோ தனியார் நிறுவனம் நடத்தும் சிறையாகவோ இருப்பதால், நடைமுறையில் இவ்வேறுபாடு மங்கிவிடுகிறது.

சட்டப் பின்னணி

வெளியில் உள்ள ஒருவர் தன் மருத்துவரைப் பிடிக்காவிட்டால் வேறொருவரிடம் செல்லலாம். பூட்டிய அறைக்குள் இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அரசு பூட்டியதால், மருத்துவம் தரும் கடமையும் அரசையே சேர்கிறது என்பது இத்துறையின் அடிப்படைத் தருக்கம்.

இது 1976 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் எஸ்டெல் எதிர் கேம்பிள் வழக்கில் அளித்த தீர்ப்பில் நிலைபெற்றது. டெக்சாசு சிறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது பஞ்சுப் பொதி விழுந்து காயமுற்ற ஒருவர் தொடுத்த வழக்கு அது. கடுமையான மருத்துவத் தேவையை வேண்டுமென்றே பொருட்படுத்தாதிருத்தல், அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் தடைசெய்யும் கொடிய தண்டனைக்குச் சமம் என நீதிமன்றம் கூறியது. ஆனால் வழக்குத் தொடுத்தவருக்கு மருத்துவர்கள் மீதான அவரது கோரிக்கையில் வெற்றி கிட்டவில்லை. அவர் பலமுறை மருத்துவர்களால் பார்க்கப்பட்டிருந்தார்; வெறும் கவனக்குறைவு அரசியலமைப்பு மீறல் ஆகாது என்றது தீர்ப்பு. இத்துறையின் எல்லா வாதங்களும் இன்றளவும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

எட்டாவது திருத்தம் தண்டனை பெற்றவர்களுக்கானது. குடிவரவுத் தடுப்பில் உள்ளவர்களுக்கு ஐந்தாவது திருத்தத்தின் உரிய சட்ட நெறிமுறை உரிமை பொருந்துகிறது. 1988 இல் வெளியான வெஸ்ட் எதிர் அட்கின்சு தீர்ப்பு, சிறை மருத்துவத்தை ஒப்பந்த மருத்துவரிடம் விட்டுவிடுவதால் அரசின் கடமை நீங்கிவிடாது எனத் தெளிவுபடுத்தியது. தனியார் நடத்தும் மையங்களையும் அரசு ஊழியர்கள் சென்று சோதிப்பதன் காரணம் இதுவே.

அமைப்பும் வரலாறும்

குடிவரவோரை அரசு மருத்துவர்கள் சோதிக்கும் வழக்கம் 1891 ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தோடு நிலைபெற்றது. 1892 இல் திறக்கப்பட்ட எல்லிசுத் தீவில் சீருடை அணிந்த பொதுச் சுகாதார மருத்துவர்கள் பணியாற்றினர். அவர்களின் வழிவந்த ஆணையம் பெற்ற அதிகாரிகள் படை இன்றும் உள்ளது. கடற்படையைப் போன்ற பதவி நிலைகளும் சீருடையும் கொண்ட, ஆனால் ஆயுதம் ஏந்தாத படை இது.

2003 இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் ஐ.சி.இ. உருவான பின்னரும், தடுப்பு மையங்களின் மருத்துவப் பணியைச் செய்த குடிவரவுச் சுகாதார சேவைப் பிரிவு நிர்வாக முறையில் சுகாதாரத் துறையையே சார்ந்திருந்தது. 2007 ஆம் ஆண்டு அக்டோபரில் அதன் நிர்வாகம் ஐ.சி.இ.யிடம் வந்தது, பின்னர் அது ஐ.எச்.எஸ்.சி. எனப் பெயர் மாறியது. இம்மாற்றத்தின் விளைவு சிறியதன்று. பூட்டுபவரும் மருத்துவம் பார்ப்பவரும் அந்த மருத்துவத்தைச் சோதிப்பவரும் ஒரே தலைமையின் கீழ் வந்தனர்.

ஐ.எச்.எஸ்.சி. நேரடியாக மருத்துவம் அளிக்கும் மையங்கள் சுமார் இருபது மட்டுமே. ஏனைய நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களில் மாவட்ட நிர்வாகமோ தனியார் நிறுவனமோ மருத்துவத்தை நடத்துகின்றன. அவற்றைக் களமருத்துவ ஒருங்கிணைப்பாளர் எனப்படும் செவிலியர்கள் கண்காணிக்கின்றனர். ஆகவே இணக்க மேற்பார்வையாளரின் கையில் இரண்டு வகையான வேலை உள்ளது: தன் அமைப்பையே சோதிப்பது ஒன்று, பிறர் நடத்துவதைச் சோதிப்பது மற்றொன்று. முதலாவதில் சங்கடம் அதிகம். இரண்டாவதில் அதிகாரம் குறைவு.

தரநிலைகள்

சோதனைக்கு அளவுகோல் வேண்டும். 2000 ஆம் ஆண்டின் தேசியத் தடுத்துவைப்புத் தரநிலைகள், 2008 மற்றும் 2011 ஆம் ஆண்டுகளின் செயல்திறன் சார்ந்த தரநிலைகள் (2011 பதிப்பு 2016 இல் திருத்தப்பட்டது), 2019 மற்றும் 2025 ஆம் ஆண்டுகளின் தேசியத் தரநிலைகள் எனப் பல பதிப்புகள் வெளிவந்துள்ளன. புதிய பதிப்பு வந்ததும் பழையது எல்லா மையங்களிலும் நீங்கிவிடுவதில்லை. எந்த மையத்துக்கு எது பொருந்தும் என்பது அதன் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒரே வாரத்தில் இரு மையங்களைச் சோதிக்கும் பணியாளர் இரு வேறு நூல்களைக் கையில் வைத்திருக்க நேரலாம். மென்பொருள் துறையினருக்கு இந்நிலை பழக்கமானதே.

2011 தரநிலைகளின்படி, வந்து சேர்ந்த 12 மணி நேரத்துக்குள் முதற்கட்ட உடல், மனநலச் சோதனை நடைபெற வேண்டும். 14 நாட்களுக்குள் முழுமையான உடல்நல மதிப்பீடு முடிய வேண்டும். தற்கொலை அபாயம் உள்ளவராகக் கண்டறியப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் மனநலத் தகுதி பெற்றவர் பார்க்க வேண்டும். 72 மணி நேரம் உண்ணாதிருப்பவர் உண்ணாநிலைப் போராட்டத்தில் உள்ளவராகக் கருதப்பட்டு மருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்படுவார். தனியறையில் வைக்கப்பட்டவரை மருத்துவப் பணியாளர் நாள்தோறும் ஒருமுறையேனும் நேருக்கு நேர் பார்த்தாக வேண்டும். வேறு மையத்துக்கு மாற்றப்படுபவருடன் குறைந்தது 7 நாட்களுக்கான மருந்து செல்ல வேண்டும். காசநோய் மருந்தாயின் 15 நாட்களுக்கும், எச்.ஐ.வி. மருந்தாயின் 30 நாட்களுக்கும் உரிய அளவு தேவை. இடையில் நின்றால் நோய்க்கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

இவற்றோடு, சீர்திருத்தச் சுகாதாரப் பராமரிப்புக்கான தேசிய ஆணையம் என்ற தன்னாட்சி அமைப்பின் அங்கீகாரத்தையும் பல மையங்கள் பெறுகின்றன. அது அமெரிக்க மருத்துவச் சங்கம் 1970களில் சிறை மருத்துவம் பற்றித் தொடங்கிய பணியிலிருந்து பிறந்தது.

மேற்பார்வையாளரின் பணி

மேற்பார்வையாளரின் கீழ் உள்ளவர்கள் மூன்று வகையினர்: ஆணையம் பெற்ற அதிகாரிகள், குடிமைப்பணி ஊழியர்கள், ஒப்பந்தப் பணியாளர்கள். மூவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்தாலும் மூவருக்கும் விதிகள் வேறு. அதிகாரிகளுக்கு ஆண்டுதோறும் தனிப் படிவத்தில் மதிப்பீடு எழுதப்படுகிறது. குடிமைப்பணி ஊழியருக்கு வேறொரு மதிப்பீட்டுத் திட்டம் உண்டு. ஒப்பந்தப் பணியாளருக்கு, கூட்டரசின் கொள்முதல் விதிகளின்படி, அரசு மேற்பார்வையாளர் பொதுவாக நேரடியாக வேலை ஏவுதல் கூடாது; குறையிருப்பின் ஒப்பந்த அலுவலரின் பிரதிநிதி வழியாக அவரது நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும்.

அன்றாட வேலையில் முதன்மையானது அறிக்கையை வெளிவருமுன் படித்துப் பார்ப்பது. நல்ல மேற்பார்வையாளர் முடிவை முதலில் படிப்பதில்லை, சான்றைப் படிப்பார். "12 மணி நேர விதி பின்பற்றப்படுகிறது" என்று எழுதியிருந்தால், எத்தனை கோப்புகள் பார்க்கப்பட்டன, அவற்றைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்று கேட்பார். கோப்புகளை மையத்தின் நிர்வாகியே எடுத்துக் கொடுத்திருந்தால் அது மாதிரி எடுத்தல் ஆகாது. வந்து சேர்ந்த நேரம் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதும் முக்கியமானது. காவல் பிரிவின் பதிவேட்டில் ஒருவர் மாலை 6 மணிக்கு வந்ததாகவும், மருத்துவப் பதிவேட்டில் அவர் பெயர் இரவு 11 மணிக்கு முதன்முதலாகத் தோன்றியதாகவும் இருக்குமானால், 12 மணி நேரம் எதிலிருந்து தொடங்குகிறது? மருத்துவப் பதிவேட்டை மட்டும் பார்க்கும் சோதனையாளருக்கு அந்த ஐந்து மணி நேரம் கண்ணில் படாது. நீரிழிவு நோயாளி ஒருவருக்கு அந்த ஐந்து மணி நேரத்தில் இன்சுலின் தவறியிருக்கலாம்.

அடுத்தது சோதனையாளர்களை ஒரே அளவுக்குக் கொண்டுவருவது. ஒரே குறையை ஒருவர் சிறு குறை என்றும் மற்றொருவர் பெருங்குறை என்றும் எழுதினால், மையங்கள் அறிக்கையை மதிப்பதை விட்டுவிட்டு யார் வருகிறார் என்பதைப் பார்க்கத் தொடங்கும். இதற்காக இருவரை ஒரே கோப்பைத் தனித்தனியே மதிப்பிடச் செய்து முடிவுகளை ஒப்பிடும் வழக்கம் மருத்துவத் தரக்கட்டுப்பாட்டில் உண்டு. ஒரே சோதனையாளரைத் தொடர்ந்து ஒரே மையத்துக்கு அனுப்பாமல் சுழற்றுவதும் தேவை. பல ஆண்டுகள் ஒரே இடத்துக்குச் செல்பவர் அங்குள்ள செவிலியரின் நெருக்கடியைப் புரிந்துகொள்வார். அப்புரிதலே சில நேரம் அவரது பேனாவைத் தடுக்கும். சோதிப்பவரும் செவிலியர், சோதிக்கப்படுபவரும் செவிலியர் என்பதை மறந்துவிடக் கூடாது.

பணியாளரின் உரிமங்களைச் சரிபார்ப்பதும் இதில் அடங்கும். ஐக்கிய அமெரிக்காவில் பதிவுபெற்ற செவிலியருக்கும், அவருக்குக் கீழ்நிலையில் உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியருக்கும் செய்யத்தக்க பணிகள் வேறு. அவற்றை மாநிலச் சட்டங்கள் வகுக்கின்றன. ஆள் பற்றாக்குறை உள்ள மையங்களில் கீழ்நிலைச் செவிலியர் தம் வரம்பை மீறி நோயாளியை மதிப்பிடும் நிலை ஏற்படுகிறது. அறிக்கையில் அது தனிநபரின் தவறாக எழுதப்பட வேண்டுமா, பணியிடத்தை நிரப்பாத நிர்வாகத்தின் தவறாக எழுதப்பட வேண்டுமா என்ற கேள்வி மேற்பார்வையாளரின் மேசைக்கு வந்து சேரும். முதலாவது எளிது.

அனுமதி மறுப்பு: காசுடனேடா வழக்கு

மையத்துக்கு வெளியே உள்ள சிறப்பு மருத்துவரிடம் அனுப்ப முன்அனுமதி தேவை. இந்த அனுமதி முறையின் ஆபத்தை உணர்த்திய நிகழ்வு பிரான்சிசுக்கோ காசுடனேடாவினுடையது. 2006 ஆம் ஆண்டு மார்ச்சில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் தடுத்து வைக்கப்பட்ட அவர், தம் ஆண்குறியில் வளர்ந்துவந்த புண்ணைப் பற்றித் தொடர்ந்து முறையிட்டார். மையத்தின் மருத்துவ உதவியாளரும் வெளி மருத்துவர்களும் திசுச் சோதனை தேவை என்றனர். அது அவசரமற்றது எனக் கூறி அனுமதி மறுக்கப்பட்டது. 2007 பிப்ரவரியில் விடுவிக்கப்பட்ட சில நாட்களில் புற்றுநோய் உறுதியாகி, உறுப்பு அகற்றப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் அவர் நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். 2008 பிப்ரவரியில் இறந்தார்.

மருத்துவக் கவனக்குறைவுக்கான பொறுப்பை அரசு ஏற்றுக்கொண்டது. ஆனால் மருத்துவ அதிகாரிகள் மீது தனிப்பட்ட முறையில் வழக்குத் தொடுக்க இயலுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2010 மே மாதத்தில் ஹுய் எதிர் காசுடனேடா வழக்கில், பொதுச் சுகாதார சேவையின் அதிகாரிகளுக்குச் சட்டம் முழுப் பாதுகாப்பு அளிக்கிறது, இழப்பீட்டை ஐக்கிய அமெரிக்க அரசிடமிருந்தே கோர முடியும் என நீதிபதி சோனியா சோட்டோமேயர் எழுதிய ஒருமனதான தீர்ப்பு கூறியது. தனிநபர் வழக்கு என்ற அச்சம் இல்லாத இடத்தில், அதே அதிகாரிகளைக் கட்டுப்படுத்த உள்சோதனையும் பணி மதிப்பீடும் பெருமளவு எஞ்சி நிற்கின்றன.

முத்திரையும் நோயாளியும்

2018 மே மாதத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம், கலிபோர்னியாவில் தனியார் நிறுவனம் ஒன்று நடத்திய அடெலான்டோ மையத்தை முன்னறிவிப்பின்றிச் சோதித்தது. தனியறைகளுக்கு வெளியே தொங்கிய பதிவேடுகளில் மருத்துவர்கள் தம் பெயர் முத்திரையைக் குத்திக்கொண்டு நடந்ததை ஆய்வாளர்கள் கண்டனர். 14 பேரில் 10 பேருடன் மருத்துவர் எவ்விதத் தொடர்பும் கொள்ளவில்லை. கோப்பை மட்டும் பார்க்கும் சோதனையாளருக்கு அந்த நாள் 14 சந்திப்புகளாகவே தெரியும்.

அதே அறிக்கை, ஆய்வாளர்கள் பார்த்த 20 அறைகளில் 15 இல் படுக்கை விரிப்பைத் திரித்துக் கட்டிய சுருக்குகள் தொங்கியதைக் கூறுகிறது. நான்கு ஆண்டுகளாக ஒருவருக்கும் பல்லடைப்பு செய்யப்படவில்லை என்றும் கண்டறிந்தது. பற்களுக்கிடையே தூய்மை செய்யக் காலுறையின் நூலைப் பயன்படுத்தலாம் என அங்குப் பணியாற்றிய பல் மருத்துவர் ஒருவர் கருத்துத் தெரிவித்ததும் அவ்வறிக்கையில் பதிவாகியுள்ளது.

அதற்குச் சற்று முன் வெளிவந்த அதே அலுவலகத்தின் மற்றோர் அறிக்கை (ஜூன் 2018), ஐ.சி.இ. அப்போது அமர்த்தியிருந்த தனியார் சோதனை நிறுவனம் மூன்று நாட்களில் சுமார் 40 தரநிலைகளைச் சோதிக்க முயன்றதைச் சுட்டிக்காட்டியது. அத்தனையையும் பார்க்க நேரம் போதாது. ஐ.சி.இ.யின் தடுத்துவைப்பு மேற்பார்வை அலுவலகம் நடத்திய சோதனைகள் ஆழமானவை. ஆனால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையே நடந்தன. பின்னர் இவற்றின் எண்ணிக்கையை உயர்த்த நாடாளுமன்றம் பணித்தது.

எண்கள் முன்பே சொன்னவை: இர்வின்

ஒவ்வொரு மையத்தையும் தனித்தனியே சோதிப்பது போதாது. எல்லாவற்றையும் ஒருசேர வைத்துப் பார்க்க வேண்டும். 2016 பிப்ரவரியில் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் இதையே பரிந்துரைத்தது. ஐ.சி.இ. சோதனை முடிவுகளைத் திரட்டுகிறது, ஆனால் காலப்போக்கில் என்ன போக்கு தெரிகிறது என்பதை ஆராய்வதில் குறை உள்ளது என்றது.

ஜார்ஜியாவின் இர்வின் மாவட்டத் தடுப்பு மையம் இதற்குச் சான்றாயிற்று. 2020 செப்டம்பரில் அங்குப் பணியாற்றிய செவிலியர் ஒருவரின் புகார் வெளியானது. 2022 நவம்பரில் மேலவையின் நிரந்தர விசாரணைத் துணைக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. பெருமளவில் கருப்பைகள் அகற்றப்பட்டன என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் பெண்கள் பலர் மிகையான, உடலுக்குள் ஊடுருவும், பெரும்பாலும் தேவையற்ற மகளிர் மருத்துவச் செய்முறைகளுக்கு உட்படுத்தப்பட்டதாகத் தெரிகிறது எனக் குழு கண்டது. ஐ.சி.இ.யின் தடுப்பில் இருந்த பெண்களில் சுமார் 4 விழுக்காட்டினரே அம்மையத்தில் இருந்தனர். அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களைப் பார்த்த ஒரே மருத்துவர், நாடு முழுவதும் தடுப்பில் இருந்தோருக்குச் செய்யப்பட்ட சில முக்கிய மகளிர் செய்முறைகளில் 90 விழுக்காட்டுக்கும் மேல் செய்திருந்தார்.

இந்த எண்களைக் கண்டுபிடிக்க ஒருவரும் மையத்துக்குச் செல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு செய்முறைக்கும் அரசு பணம் கொடுத்திருந்தது, பற்றுச்சீட்டுகள் இருந்தன. மருத்துவர் வாரியாக, செய்முறை வாரியாக எண்ணிப் பார்க்கும் ஓர் எளிய அட்டவணை போதுமானதாக இருந்திருக்கும். 2019 அக்டோபருக்கு முன் வெளி மருத்துவர்களின் பின்னணியை முறையாகச் சரிபார்க்கும் நடைமுறையும் இருக்கவில்லை எனக் குழு குறிப்பிட்டது. இர்வினுடனான தொடர்பை முடித்துக்கொள்ளுமாறு 2021 மே மாதத்தில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை உத்தரவிட்டது.

குறை கண்ட பின்

குறை கண்டால், மையம் திருத்த நடவடிக்கைத் திட்டம் ஒன்றைத் தர வேண்டும். அத்திட்டம் நிறைவேறியதா என்று மீண்டும் சென்று பார்ப்பது மேற்பார்வையாளரின் பொறுப்பு. பணியாளர் பற்றாக்குறையில் முதலில் கைவிடப்படுவதும் அதுவே. பணம் பிடித்தம் செய்யும் அதிகாரம் ஒப்பந்தப் பிரிவினருக்கே உண்டு. தலைமை ஆய்வாளரின் 2019 ஜனவரி அறிக்கையின்படி, 2015 அக்டோபர் முதல் 2018 ஜூன் வரை ஆயிரக்கணக்கான குறைகள் பதிவாகியும், ஐ.சி.இ. இரண்டே முறைதான் பணத்தண்டம் விதித்தது. குறை எழுதினால் ஒன்றும் நடவாது என்று பணியாளர் உணர்ந்துவிட்டால், நாளடைவில் எழுதும் கையும் தளரும். இப்பணியில் உள்ள மேற்பார்வையாளருக்கு மிகக் கடினமான சிக்கல் இது என்று கருதலாம்.

உள்ளிருந்து குரல் எழுப்புவோருக்கு 1989 ஆம் ஆண்டின் தகவல் வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம் காப்பளிக்கிறது. அதன்படி, தன் பணியாளர் சட்ட மீறலை வெளிப்படுத்தியதற்காக அவரைப் பழிவாங்கும் மேற்பார்வையாளர் தானே நடவடிக்கைக்கு உள்ளாகலாம்.

இறப்பு மீளாய்வு

தடுப்பில் ஒருவர் இறந்தால், மருத்துவப் பிரிவு தன் மீளாய்வையும், தடுத்துவைப்பு மேற்பார்வை அலுவலகம் தனி விசாரணையையும் நடத்தும். 2018 நிதியாண்டுக்கான ஒதுக்கீட்டுச் சட்டத்தோடு வந்த நிபந்தனையின்படி, இறப்பு பற்றிய அறிக்கை 90 நாட்களுக்குள் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். 2008 இல் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் ஆகிய நாளிதழ்கள் வெளியிட்ட தொடர்களுக்கு முன்பு, தடுப்பில் இறந்தோரின் பெயர்களைக் கூடத் திரட்டுவது கடினமாக இருந்தது குறிப்பிடத்தக்கது.

2020க்குப் பின்

2020 ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம், குடிவரவுத் தடுத்துவைப்புக்கான குறைதீர்ப்பாளர் அலுவலகத்தை ஐ.சி.இ.க்கு வெளியே உருவாக்கியது. 2025 மார்ச்சில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இவ்வலுவலகத்திலும், குடியுரிமைகள் மற்றும் குடிமை உரிமைகள் அலுவலகத்திலும் பெரும் ஆட்குறைப்பை அறிவித்தது. அது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் நிறைவேறிய சட்டம் தடுத்துவைப்பு இடங்களைப் பெருக்க 45 பில்லியன் டாலர் ஒதுக்கியது. தடுப்பில் இருந்தோரின் எண்ணிக்கை அவ்வாண்டு 60,000 ஐத் தாண்டியது. புதிதாகத் திறக்கப்பட்ட மையங்களில் கூடார அமைப்புகளும் அடங்கும். அங்கு வந்து இறங்கும் ஒவ்வொருவருக்கும் முதற்கட்டச் சோதனையும் 14 நாள் மதிப்பீடும் உரியவை. அவற்றைச் செய்வதற்கும், செய்ததைச் சரிபார்ப்பதற்கும் செவிலியர்கள் தேவைப்படுகின்றனர்.